கதவு இடித்த காயம் அல்ல

பாபு,

நேற்று மத்தியானம் நீ போன் செய்தபோது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்கு அந்த நிமிஷமே பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால் வைத்தேன். "அகிலா வூட்ல யாராச்சும் மஞ்சு நெத்தியப் பத்திக் கேட்டா கதவு இடிச்சிடுச்சின்னு சொல்லிடும்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரில சொன்ன மாதிரியே" என்றாய். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னது நான் இல்லை. உன் அப்பா சொல்லச் சொன்னார், உன் தங்கை மஞ்சு சொன்னாள். நான் சொன்னது வேறு. அதற்காகத்தான் இத்தனை வருஷம் நீ என்னோடு ஆபீஸில் பேசுகிற மாதிரி பேசுகிறாய். இப்போது அகிலாவோடு உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாமல்லபுரத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, இந்த நேரத்தில் அம்மா ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று உனக்குத் தோன்றுகிறது. நான் சொல்லமாட்டேன். இதைப் போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன். எனக்கு டைப் அடிப்பதில் சோம்பல் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டை அதனால்தான் வந்தது என்று நீ இன்றைக்கும் நம்புகிறாய். நீ ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் அதை வாங்கினேன். செங்கல்பட்டில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டின் நடு அறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதற்கென்று ஒரு மேஜை. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு போட்டுக் கொடுத்தார்கள். அதில்தான் நான் தமிழ் டைப் அடித்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காலேஜ்காரர்களின் ஆய்வேடு என்று எது வந்தாலும் அடிப்பேன். தமிழ் அடிக்கிற மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவில் இருக்கும், பெட்டியின் பின்னால் பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் சொருக வேண்டும், அது இல்லாமல் ஒரு எழுத்தும் வராது. தொண்ணூற்றெட்டில் மட்டும்தான் இது ஓடும் என்று விற்றவரே சொல்லியிருந்தார். நீ என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் போனபோது உங்கள் லேபில் எல்லாவற்றிலும் புது விண்டோஸான எக்ஸ்பி வந்துவிட்டது. அங்கே எழுதிக்கொண்டு வருகிற ப்ரோக்ராம் வீட்டில் ஓடாது. ஓடினாலும் நடுவில் நீலத்திரை வந்து நின்றுவிடும். நீ மேஜையை உள்ளங்கையால் ஓங்கி அறைவாய். ஒரு மௌஸைச் சுவரில் அடித்து உடைத்தாய். உனக்குப் புதுசு வேண்டியிருந்தது, அது நியாயம். எனக்குப் பழசு வேண்டியிருந்தது, அதுவும் நியாயம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இதைவிடப் பெரிய சண்டை நடந்து சிரிப்பில் முடிந்திருக்கிறது.

நம் வீட்டில் எதுவும் சிரிப்பில் முடியாது. உன் அப்பா மதுராந்தகத்துக்கு ஆபீஸ் போய் வந்தவர். வெளியே யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே நாம் மூன்று பேரும் புரிந்துகொள்வோம், இன்றைக்கு எப்படி என்று. ரசத்தில் உப்புக் கூடிவிட்டதென்று பாத்திரத்தோடு சுவரில் எறிந்தார், அந்தக் கறை வெள்ளையடித்த பிறகும் தெரிந்தது. நீ எட்டாவதில் கணக்கில் தோற்றபோது கிணற்றடியில் நிற்க வைத்து வாளிக் கயிற்றால் அடித்தார். ஈரக் கயிறு. நான் நடுவில் போய் விழுந்தேன், என் முதுகிலும் விழுந்தது. நீ அழவே இல்லை. மறுநாள் காலையில் மஞ்சு பள்ளிக்கூடம் கிளம்பக் கண்ணாடி முன்னால் நின்று ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் அவள் கையைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கினாய். அவள் முட்டி தரையில் படுகிற வரைக்கும் முறுக்கினாய். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் ஓடி வந்து உன் கையை இழுத்து விடுவித்தபோது, "அப்பா அடிச்சா கம்முனு இருக்கே, என்ன மட்டும் புடிக்க வர்றியா" என்றாய். நான் கம்மென்று இருந்ததில்லை என்பது என் முதுகுக்குத் தெரியும். ஆனால் உன் கேள்வி எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அடி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது, மஞ்சுவுக்குக் கீழே யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் நீதான் பேச்சை எடுத்தாய். "புதுப்பட்டினத்துல என் ஃப்ரெண்டு ரவிகிட்ட எக்ஸ்பி சிடி கீது. வாங்கினு வந்து போட்டுடறேன்" என்றாய். அப்போது மதுராந்தகத்தில் ஒரு கல்லூரித் தமிழ் ஆசிரியையின் ஆய்வேட்டை நான் அடித்துக்கொண்டிருந்தேன், கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. "மேடம் வேல முடியட்டும்டா, குடுத்துட்டா அப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோ" என்றேன். மஞ்சு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டையுமே வெச்சிக்கலாம்ணா. டிஸ்க்குதான் சி, டின்னு ரெண்டா கீதே, ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு. ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும். மெமரி மட்டும் பத்தாது, இன்னொண்ணு வாங்கி சொருகணும். மொதல்ல அம்மா ஃபைலயெல்லாம் சிடில எடுத்து வெச்சிடணும்." நீ அவளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "நீ இன்னாடி எனக்குக் க்ளாஸ் எடுக்கறே? ப்ளஸ் ஒன் படிக்கறவ." அவள், "ப்ளஸ் ஒன்ல இதான்ணா படிக்கறோம்" என்றாள். உன் அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரிப்பதே அபூர்வம், அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தார். உன் காது மடல் சிவந்து போனது.

தீர்ப்பை அவர்தான் சொன்னார். "ஆம்பளப் புள்ள படிப்புக்குத்தான் கம்ப்யூட்டரு. அவன் இஷ்டம் போல போட்டுக்கட்டும். நீ பத்திரிகை அடிக்கறத எங்க வேணா போய் அடி." நான், "அத வாங்கினது நான்" என்றேன். "நீயே என் வூட்லதான் கீறே" என்று தட்டைத் தள்ளினார். தட்டு போய் மஞ்சுவின் முட்டியில் இடித்து நின்றது. அதற்கப்புறம் யாரும் சாப்பிடவில்லை. பிறகு நீ சமையலறைக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "மேடம் வேல முடியற வரைக்கும் தொடமாட்டேம்மா" என்றாய். நீயாகச் சொன்னாய், நான் கேட்கவில்லை. அதனால் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை, அதுவரை அடித்த அத்தியாயங்களைத் திருத்தம் பார்க்கக் கொடுத்துவிட்டு வர மதுராந்தகம் போனேன். ஏரி நிரம்பித் தண்ணீர் வழிகிறது என்று பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நல்ல மனசோடுதான் வீட்டுக்குத் திரும்பினேன். நடு அறையில் நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாய், உள்ளே புது மெமரி சொருகியிருந்தது. திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் தெரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "தொடமாட்டேன்னியேடா" என்றேன். "அப்பாதான் போட்டுக்கோன்னாரே. பயப்படாதம்மா, உன் ஃபைல் எல்லாத்தையும் டி டிரைவ்ல எடுத்து வெச்சிட்டுதான் போட்டேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. எடுத்து வைத்ததாகத்தான் நீ நினைத்திருந்தாய்.

அதே சமயம் மஞ்சு ட்யூஷனிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து மௌஸைப் பிடித்து ஒன்றைத் திறந்து பார்த்தாள், இன்னொன்றைத் திறந்தாள். "அண்ணா, டி டிரைவே இல்ல. எல்லாத்தையும் அழிச்சி ஒண்ணா ஆக்கிட்டே" என்றாள். "வாய மூடு, இருக்கும்." "இல்லண்ணா. அம்மாது ஒரு ஃபைல்கூட இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாபு, அது கேலி இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது. பயந்தால் சிரிக்கிற பெண் அவள், குழந்தையிலிருந்தே அப்படித்தான்.

நாற்காலியில் சாய்த்திருந்த அந்த மூடியை நீ எடுத்தாய். ஓரம் மடிக்காத இரும்புத் தகடு அது. அதைக் கழற்றும்போது உன் விரலே கிழிந்து ரத்தம் வந்திருந்தது, அதனால் அது எப்படி வெட்டும் என்று உனக்குத் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து வீசினாய். அவள் புருவத்துக்கு மேலே பட்டது. முதலில் வெள்ளையாக ஒரு கோடுதான் தெரிந்தது, பிறகு ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு வழிந்து கீபோர்டில் சொட்டியது. அதோடு நீ நிறுத்தியிருந்தால் கோபத்தில் ஒரு அடி என்று நானும் சொல்லியிருப்பேன். நீ நிறுத்தவில்லை. அவள் மேஜைக்கு அடியில் புகுந்தாள். நீ உள்ளே காலை விட்டு உதைத்தாய். உன் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். முழங்கையால் என்னைத் தள்ளினாய், பீரோ கைப்பிடி என் விலாவில் ஏறியது. மூச்சு வரவில்லை. தரையில் கிடந்தபடி அவள் காலைப் பார்த்தேன். ஒவ்வொரு உதைக்கும் அந்தக் கால் இழுத்துக்கொண்டது. அவள் "அம்மா" என்று கூப்பிடவில்லை. "அண்ணா வேணாம்ணா, அண்ணா வேணாம்ணா" என்று உன்னைத்தான் கூப்பிட்டாள்.

உன் அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையிலிருந்த ஹெல்மெட்டால் உன் முதுகில் அடித்தார். நீ திரும்பினாய். அவரை எதிர்த்து நீ திரும்பியது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தாய், ஓங்கிய அவர் கையைப் பிடித்து, சின்ன வயசில் மஞ்சு கையை எப்படி முறுக்கினாயோ அப்படியே முறுக்கினாய். இரண்டு பேரும் மேஜை மேல் விழுந்தீர்கள். மானிட்டர் கீழே விழுந்து பட்டாசு போல வெடித்தது. அறை முழுக்கக் கண்ணாடித் தூள். அவர் தோள் இறங்கிப் போய்க் கை கயிறு மாதிரி தொங்கியது. மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஓடி வந்து உன்னை இடுப்போடு கட்டிப் பிடித்தார். அவர் பிடிக்கும்போதுகூட நீ, "அவ சிரிச்சா, அவ சிரிச்சா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆட்டோவில் மஞ்சுவின் தலையை மடியில் வைத்து முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தேன். உன் அப்பா தொங்குகிற கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்குப் பாடம் சொன்னார்: "கதவு இடிச்சிதுன்னு சொல்லு. போலீஸ் கேஸாயிடும். அண்ணன் படிப்பு போயிடும். கேக்குதா?" அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியபோது முந்தானைக்குள் இன்னும் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டது ஒரு சின்னப் பெண் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார். "கதவு" என்றாள் மஞ்சு. டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உன் அப்பா என் காலை மிதித்தார். நான் சொன்னேன்: "கதவு இல்ல டாக்டர். இவ அண்ணன் அடிச்சான். என் புள்ள."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நான் நினைக்கவில்லை. அவளுக்காகச் சொல்ல வேறு யாரும் இல்லை, பாபு. அவளே கதவு என்று சொல்லிவிட்டாள். நானும் கதவு என்று சொன்னால், உலகத்தில் அவளை யாரும் அடிக்கவில்லை என்று ஆகிவிடும். வராந்தாவில் உன் அப்பா நல்ல கையை ஓங்கினார். "பெத்த புள்ளயவே மாட்டி விடறியே, நீ ஒரு பொம்பளயா?" நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் பிடித்ததே இல்லை, பிடித்தால் நிற்குமா என்றுகூடத் தெரியாது. நின்றது. ஒரு கையில்தான் பலம் இருந்தது அவருக்கு.

டாக்டர் போலீஸுக்குச் சொன்னார், புகாரில் நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷனில் உன்னைச் சட்டை இல்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள், "இன்னாடா, தங்கச்சி மேல கை வெச்சிதான் வீரத்த காட்டுவியா" என்று கன்னத்தில் அறைந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதல் அறைக்கு என் மனசு குளிர்ந்தது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அடுத்த அறைக்கு வாசற்படியில் காலை வைத்தேன். அதற்கடுத்து அவர் கையை ஓங்கியபோது உள்ளே போய்விட்டேன். "அடிக்கறதுக்கு நான் சொல்லல சார், எழுதறதுக்குத்தான் சொன்னேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீதானம்மா குட்த்தே, இப்ப நீயே அழுவறே" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டு உன்னை விட்டார்கள். வெளியே வந்து நீ என்னைத் தாண்டி நடந்து போனாய். வீட்டுக்கு வரவில்லை.

ரவி வீட்டில் இருக்கிறாய் என்று தெரிந்து, துணிமணியும் கேரியரில் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கல்பாக்கம் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் வந்தேன். மீன் மார்க்கெட்டுக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, கேரியரைத் தட்டிவிட்டாய். சோறு ரோட்டில் சிதறியது. "போலீஸ்ல புட்ச்சி குட்த்தவ எனக்குச் சோறு போட வேணாம்" என்றாய். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து உருண்டுபோன டப்பாக்களைப் பொறுக்கி, கழுவி, என் கையில் கொடுத்தார். துணிப்பையை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நீ அதை எடுத்துக்கொண்டாய் என்று பிறகு ரவியின் அம்மா சொன்னார்.

வீட்டில் என்ன நடந்தது என்று நீ கேட்டதே இல்லை, அதனால் சொல்கிறேன். தமிழ்ப் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதுராந்தகத்தில் ஒரு ப்ரவுசிங் சென்டரில் தொண்ணூற்றெட்டு இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பூட்டை மாட்டி, மேடத்தின் கையெழுத்துப் பிரதியை முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்தேன். நெற்றியில் கட்டோடு மஞ்சு பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். கண் வீங்கி ஒரு கண்ணால்தான் படித்தாள். விலா வலியில் நான் நிமிர முடியாமல் அடித்தேன். சென்டருக்கு வந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் குறைத்துப் பேசினார்கள். வேலை முடிந்து மேடத்திடம் கொடுத்தேன், தாமதம்தான், ஆனால் கொடுத்தேன். பிறகு ஒரு பழைய மானிட்டர் வாங்கி வந்தபோது மஞ்சுதான் உட்கார்ந்தாள். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்டது. அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு பிசைந்துகொண்டே சொன்னது அத்தனையும் சரி. ஒரு மத்தியானத்து வேலை. இதற்குத்தான் பாபு, இதற்குத்தான்.

உன் அப்பா அதற்குப் பிறகு யாரையும் அடிக்கவில்லை. வயசாகி அடங்கிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. சட்டை மாட்டக்கூட நான்தான் உதவ வேண்டும். அந்தக் கை எழும்பாது, மற்றதை ஓங்கினால் நான் பிடிப்பேன்; அதனால் ஓங்கவில்லை, அவ்வளவுதான். கோபம் வந்தால் அந்தத் தோள் இன்னும் துடிக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அடிக்கிற பழக்கம் தானாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

உனக்குப் போயிருக்கும் என்று நம்பியிருந்தேன். படித்து முடித்தாய், வேலைக்குப் போனாய், பண்டிகைக்கு வந்தாய், மஞ்சுவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பினாய். அப்புறம் மாமல்லபுரத்தில் நிச்சயதார்த்தம். பந்தியில் அகிலாவின் அப்பா உன்னிடம் ஆசையாகக் கேட்டார்: "மாப்ள, எங்க வூட்டு கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, புதுசா வந்திருக்கறத போட்டுடலாமா?" நீ, "போட்டுடலாம் மாமா, நான் வந்து ஒரே நாள்ல முடிச்சிடறேன்" என்றாய். அகிலா உன் பக்கத்திலிருந்து சிரித்தாள். "அய்யோ, வேணாம்பா. என் பள்ளிக்கூடத்துக் கணக்கு, கேள்வித்தாள் எல்லாம் அதுலதான் கீது. இவரு அவசரத்துல எல்லாத்தையும் அழிச்சிடுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். உன் இடது கை இலைக்குக் கீழே தொடைமேல் இருந்தது. அது மூடிக்கொண்டதைப் பார்த்தேன். விரல் மூட்டு வெளுக்கிற அளவுக்கு மூடிக்கொண்டது. அது திறக்க வெகு நேரம் ஆனது. அவள் பாட்டுக்கு உன் இலையில் பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் போன் வந்த பிறகு மஞ்சுவைப் போனில் கூப்பிட்டேன். "உன் நெத்திதான், நீ சொன்னாதான் நான் வாயத் தொறப்பேன். அகிலாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லும்மா. நான் முடிய இழுத்து விட்டு மறைச்சி மறைச்சி சலிச்சிட்டேன்" என்றாள். இன்று காலையில் கருங்குழியில் அகிலா வீட்டுக்குப் போனேன். அகிலா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன், உனக்கு இங்கே எழுதியிருப்பதைத்தான் சொன்னேன், உன் அப்பா கிணற்றடியில் அடித்தது உட்பட. சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டாள். மை பேப்பரில் ஊறிக்கொண்டிருந்தது. "அதுக்கப்புறம் யாரையாச்சும் அடிச்சிருக்காரா அத்த?" என்று கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சி இல்ல. ஆனா நான் அவன்கூட இல்லியேம்மா" என்றேன். "கல்யாணம் நின்னுடும்னு உங்களுக்குப் பயமில்லையா?" "பயமாத்தான் கீது" என்றேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்க சொன்னதா அவர்கிட்ட சொல்லாதீங்க. அவரா சொல்றாரான்னு பாக்கறேன்" என்றாள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "என் புள்ளைக்கு நான் பொறி வெக்கமாட்டேம்மா. நான் வந்தேன்னு அவனுக்கு எழுதிடுவேன்" என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். உன்மேல் அவளுக்குப் பிரியம் இருக்கிறது பாபு, அது அந்தப் பார்வையில் தெரிந்தது. பயமும் தெரிந்தது. கடைசியில், "சரி, எழுதுங்க. ஞாயித்துக்கிழம இங்க வரச் சொல்லுங்க. என்கிட்ட சொல்ல வேணாம், மஞ்சு முன்னாடி சொல்லட்டும். அவரு சொல்றத கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்" என்றாள். அங்கிருந்தே மஞ்சுவுக்குப் போன் போட்டுப் பேசினாள். மஞ்சு வருகிறேன் என்றாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கருங்குழிக்கு வா. நான் அங்கே இருக்கமாட்டேன். நான் இருந்தால் நீ என்னைப் பார்த்துப் பேசுவாய், என்னைக் குற்றம் சொல்வாய், அது உனக்குச் சுலபம். உன் அப்பாவும் வரமாட்டார். கல்யாணம் நடந்தால் நான் மண்டபத்தில் முதல் வரிசையில் இருப்பேன். நடக்காவிட்டால் நீ வீட்டுக்கு வா, சோறு இருக்கும். எதுவானாலும் நான் உன் அம்மாதான், அதில் மாற்றம் இல்லை.

ஒன்று மட்டும். மஞ்சு அகிலாவிடம் போனில் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது: "உங்க ஹால்ல வாசல் பக்கமா நாற்காலி போட முடியுமா அண்ணி?" அகிலா ஏன் என்று கேட்கவில்லை, போடுகிறேன் என்றாள். நீ போகும்போது மஞ்சு அதில்தான் உட்கார்ந்திருப்பாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நிற்காதே. உள்ளே போய், சுவர் ஓரமாக உட்கார்ந்து, பேசு.

அம்மா